குண்டு விழுந்த நிலமும் வெள்ளம் புகுந்த காலனியும்: கடலூர் மண்ணை அளந்தவர்கள் எதை அளக்கவில்லை?

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இருக்கிறது. தினமும் அந்த வழியில் போய் வருகிற பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டுமல்ல, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது பேரம். வெள்ளைக்காரன் விடுவானா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரனும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் பல திசைகளில் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள், கடலூர் ஊர் உட்பட, ஒரே நாளில் கம்பெனிக்குப் போயின. அவைதான் 'குண்டு கிராமங்கள்'. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பம் பீரங்கி. எங்கள் மாவட்டத்தில் ஒரு நகரத்தின் எல்லையைத் தீர்மானித்த முதல் 'நவீன' கருவியும் அதுவே. குண்டு விழுந்த இடத்தில் யார் குடியிருந்தார்கள், யார் உழுதார்கள், யார் யாருக்கு அடிமையாக இருந்தார்கள் என்று பீரங்கியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் 'ஸ்மார்ட் சிட்டி' பேச்சு. ட்ரோன், செயற்கைக்கோள் படம், சென்சார், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்தால் நகரம் அறிவாளி ஆகிவிடும் என்கிறார்கள். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டி நாலு பக்கமும் மனைப்பிரிவுகளாக விரிகிறது. இந்த ஊர்களுக்கான திட்டங்களை இனிமேல் கணினித் திரையில்தான் தீட்டுவார்கள். நாம் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. கிராமத்தைப் புனிதமாகக் கொண்டாடியவர்களை 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையிலேயே மறுத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கரின் பிள்ளைகள் நாம். நகரம் நமக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் நம் மண்ணை அளக்க வந்த ஒவ்வொரு கருவியும் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்ற வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த கருவியை வரவேற்க முடியாது.

சங்கிலி அளந்தது, நத்தம் வெறுமையாகக் கிடந்தது

பீரங்கிக்குப் பிறகு வந்தது சங்கிலி. 1858-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நில அளவையும் நிலவரித் திட்டமும் முறையாக நடந்தன. 66 அடி நீளம், 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியை வரப்பு வரப்பாக இழுத்துப் பிடித்து அளந்தார்கள். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு சர்வே எண், ஒரு புலப்படம். ஊருக்கு ஒரு வரைபடம், ஒரு 'அ' பதிவேடு. இன்றைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நாம் தேடுகிற பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாவற்றுக்கும் வேர் அந்தச் சங்கிலியில் இருக்கிறது.

அந்த அளவையின் நோக்கம் வரி. வரி வரும் இடம் அங்குலம் பிசகாமல் அளக்கப்பட்டது. வரி இல்லாத இடம் அப்படியே விடப்பட்டது. குடியிருப்பு மனைகளான நத்தத்துக்கு வரி இல்லை. ஆகவே நத்தம் முழுவதும் பெரும்பாலும் ஒரே சர்வே எண்ணாகக் கிடந்தது.

பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு காலனியின் மனைப்பட்டா தொடர்பாகச் சில ஆண்டுகளுக்கு முன் கிராம வரைபடம் ஒன்றை விரித்து வைத்துப் பார்த்தோம். வயல்களுக்கு ஒவ்வொரு வரப்பும் வளைவும் கோடாக இருந்தது. வாய்க்கால் இருந்தது, வண்டிப்பாதை இருந்தது, ஏரிக்கரை இருந்தது. ஊர் நத்தம் ஒரு கட்டம். தள்ளி, ஓடைப் புறம்போக்குக்குப் பக்கத்தில், சேரி நத்தம் இன்னொரு கட்டம். இரண்டு கட்டத்துக்குள்ளும் ஒன்றுமில்லை. வீடு இல்லை, தெரு இல்லை, கிணறு இல்லை.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்க்காரன் வீடும் இதுல இல்லையே தம்பி, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார்: "அவன் வீடு இல்லன்னாலும் அவன் நெலம் இருக்கு. நமக்கு நெலமும் இல்ல, படத்துல நாமளே இல்ல."

அந்தப் பதிலுக்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊர்க்காரர் சொத்தாக வரைபடத்தில் இருக்கிறார். நாம் அவர் வயலில் வேலை செய்த கையாகக்கூட அதில் இல்லை. வரைபடம் நம்மைப் பற்றிச் சொன்ன ஒரே செய்தி, நாம் எவ்வளவு தூரத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறோம் என்பதுதான்.

நிலம் இல்லாதவருக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதியதும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்ததும், பஞ்சமி நிலம் பிறந்ததும் நம் வாசகர்களுக்குத் தெரிந்த வரலாறு. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதும் தெரியும். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் அதை மீட்கக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டதும் தெரியும். ஆனால் இன்றைய நகரத் திட்டத்தோடு அதற்கு உள்ள தொடர்பை நாம் அதிகம் பேசுவதில்லை. பஞ்சமி நிலம் என்பதற்கான அடையாளம் பழைய பதிவேட்டில் ஒரு சின்னக் குறிப்பாகத்தான் இருக்கிறது. பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது அந்தக் குறிப்பை மட்டும் ஏற்றாமல் விட்டால் போதும். இப்போதைய பட்டாதாரர் பெயர் பளிச்சென்று திரையில் தெரியும், நூறு வருடத் திருட்டு ஒரு நொடியில் சுத்தமாகிவிடும். அந்த நிலம் நகர எல்லைக்குள் வரும்போது மனைப்பிரிவு ஆகும், அடுக்குமாடி ஆகும். டிஜிட்டல் ஆக்குவது எப்போதும் வெளிப்படைத்தன்மை ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

முதல் நகரத் திட்டம் யாருடையது?

நகர அமைப்பு என்ற துறை நம் மாகாணத்துக்கு நூறு ஆண்டுக்கு முன் வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914, 1915 ஆண்டுகளில் தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கெடிஸ் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் பொருந்தும். திட்டம் போடுகிறவன் முதலில் தெருத் தெருவாக நடக்க வேண்டும், நோயாளியைப் பார்த்துவிட்டு மருந்து எழுதும் வைத்தியனைப் போல. நெருக்கமான குடியிருப்பை மொத்தமாக இடித்துவிட்டு அகலச் சாலை போடுவது திட்டம் ஆகாது, மக்களை அங்கேயே வைத்துச் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று வாதாடினார். 1920-ல் சென்னை மாகாண நகரத் திட்டச் சட்டம் வந்தது. சாலை அகலம், மனை, வடிகால், காலியிடம் எல்லாம் அதன் பொருளாயின.

நாம் கேட்பது வேறு. அந்தச் சாலையில் யார் நடக்கலாம்? அந்தக் குளத்தில் யார் தண்ணீர் எடுக்கலாம்? இந்தக் கேள்வி நகரத் திட்டக்காரர்களின் வரைபட மேசையில் இல்லை. அதை 1924 ஆகஸ்ட்டில் சென்னை சட்டமன்றத்தில் எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்ற தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வெளிவந்தது. சாலை போடுவது பொறியாளர் வேலை, அதைப் பொதுச் சாலை ஆக்கியது இந்தத் தீர்மானம். எங்களைக் கேட்டால் தமிழ்நாட்டின் முதல் உண்மையான நகரத் திட்டம் இதுதான் என்று சொல்வோம்.

அதே காலத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். கோயில் நகரம் என்று பெயர் பெற்ற ஊரில், கோயிலை மையமாக வைத்து வீதிகளும் சாதிகளும் அடுக்கப்பட்ட ஊரில், நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு இடத்தை அவர் உண்டாக்கினார். ஒரு நகரத்தின் வரைபடத்தை மாற்ற அளவைச் சங்கிலியே வேண்டுமென்று இல்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1920 வாக்கில் தொழிலாளர் துறை மூலம் ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை அந்த வேலையைத் தொடர்ந்தது. 1978-ல் இதற்கென்றே தனி நில எடுப்புச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மனை கிடைத்தது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் கிடைத்தது? பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டி. இல்லையென்றால் ஊரார் எதிர்ப்புச் சொல்லாத, விலை குறைந்த, வேறு எதற்கும் ஆகாத இடம். பல ஊர்களில் அது பள்ளம், ஓடைக்கரை, ஏரியின் உள்வாய், சுடுகாட்டுப் பாதை. பழைய சாதி வரைபடத்தின் மேல் அரசு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து 'காலனி' என்று பெயர் எழுதியது.

இந்த நிலையை முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தவர் எங்கள் மண்ணின் மகன், காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த பெரியவர் எல். இளையபெருமாள். 1965-ல் ஒன்றிய அரசு அமைத்த குழுவின் தலைவராக இந்தியா முழுவதும் சுற்றி 1969-ல் அறிக்கை கொடுத்தார். எந்தத் தெருவில் நடக்க முடியவில்லை, எந்தக் கிணற்றில் இறங்க முடியவில்லை, எந்தக் கடையில் தனிக் குவளை என்று அந்தக் குழு நேரில் போய்க் கேட்டு எழுதியது. இன்றைக்கு 'டேட்டா' 'டேட்டா' என்கிறார்களே, அதுதான் டேட்டா. கணினி இல்லாமல் செயற்கைக்கோள் இல்லாமல் சேகரித்தது. கேட்க வேண்டிய கேள்வி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2015 நவம்பர் 9

கடலூர் மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 29 விழுக்காடு. மாநில சராசரி 20. கெடிலமும் தென்பெண்ணையும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தேடி வரும் வடிகால் மாவட்டம் இது. மேற்கே பெய்யும் மழையெல்லாம் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆகவே வெள்ளம் எங்களுக்குப் புதிது இல்லை. 2004-ல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். அடி வாங்கிப் பழகிய மாவட்டம்.

2015 நவம்பரில் நெய்வேலிப் பகுதியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டி வட்டம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருக்கெடுத்துக் காலனிக்குள் புகுந்தது. பத்து உயிர்கள் போயின. பக்கத்தில் விசூரிலும் பெரும் சேதம். அந்த வாரம் செய்தித்தாள்கள் 'வரலாறு காணாத மழை' என்று எழுதின. மழை வரலாறு காணாததாக இருக்கலாம். ஓடை எங்கே ஓடுகிறது என்பது வரலாறு காணாததா? காலனி எங்கே இருக்கிறது என்பது வரலாறு காணாததா? இரண்டுமே அரசின் வரைபடத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாக இருப்பவை. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கவேண்டிய வேலையை ஒருவரும் செய்யவில்லை.

இங்கேதான் தொழில்நுட்பம் பற்றிய உண்மையான பேச்சு தொடங்குகிறது. ஒரு இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை இன்றைக்கு விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி சென்டிமீட்டர் கணக்கில் அளக்கலாம். அந்த உயரப் படத்தின் மேல் ஒரு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும், எந்தச் சிறுபாலத்தின் கண் அடைத்துக்கொள்ளும், எந்த வீட்டில் எத்தனை அடி நிற்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அதன் மேல் ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் படத்தைப் போட்டால் அடுத்த பெரியகாட்டுப்பாளையம் எது என்று மழைக்கு முன்பே தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டு நிறுவனம் வேண்டாம், பல ஆயிரம் கோடி வேண்டாம். மூன்று துறைகள் தங்கள் கோப்பை ஒன்றாக வைத்துப் பார்க்கும் மனம் வேண்டும்.

மனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019 டிசம்பர் 2-ல் மேட்டுப்பாளையம் நடூரில் பார்த்தோம். தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்து பதினேழு தலித் உயிர்கள் நசுங்கின. உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுத்து எழுப்பிய சுவர் ஏறக்குறைய இருபது ஆண்டு நின்று, 2008 மே மாதம்தான் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. வானத்திலிருந்து பார்த்தால் சுவர் தெரியும். தெரிந்தும் அது எந்தத் திட்டப் படத்திலும் பிரச்சினையாகக் குறிக்கப்படவில்லை.

வாளியும் வரைபடமும்

கருவி ஆள்வோர் கையில் மட்டும்தான் இருக்குமா? இல்லை என்பதற்குக் கடலூரே சாட்சி. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்களில் இரவில் மூச்சுத் திணறும். புகார் கொடுத்தால், அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் காற்று மாறிவிடும். நாற்றத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். 2004-ல் அந்த ஊர் மக்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சின்ன பம்பு. நாற்றம் வரும் அந்த நிமிடத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் நோட்டில் எழுதி வைத்தார்கள். ஆய்வில் நச்சு வேதிப்பொருட்களின் நீண்ட பட்டியல் வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அதே ஆண்டு கடலூருக்கு வந்தது. 'உங்களுக்கு மூக்குதான் இருக்கிறது, ஆதாரம் இல்லை' என்று சொல்லி அனுப்பும் பழக்கத்துக்கு அந்த வாளி முற்றுப்புள்ளி வைத்தது.

கடல் தாண்டி இன்னொரு கதை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் சேன்ஸ்வில் என்ற சிறு நகரம். அதன் விளிம்பில் கோல் ரன் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு. சுற்றிலும் வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் போயிற்று, இவர்களுக்கு மட்டும் ஐம்பது ஆண்டாக வரவில்லை. மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள், பனியை உருக்கினார்கள், வண்டியில் தண்ணீர் சுமந்தார்கள். கேட்டபோதெல்லாம் வேறு வேறு காரணம் சொல்லப்பட்டது. கடைசியில் வழக்குத் தொடுத்தவர்கள் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். நகராட்சியின் தண்ணீர்க் குழாய்ப் படம், எந்த வீட்டுக்கு இணைப்பு உண்டு என்ற பட்டியல், எந்த வீட்டில் எந்த இனத்தவர் என்ற விவரம், மூன்றையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். குழாய் எங்கே வந்து நின்றது என்று குழந்தைக்கும் புரிந்தது. 2008-ல் நீதிமன்ற நடுவர் குழு சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இந்த இரண்டு கதையிலும் கருவி பெரிது இல்லை. ஒன்று வாளி, மற்றது எந்த நகரத் திட்ட அலுவலகத்திலும் உள்ள மென்பொருள். இரண்டிலும் யாரிடம் கேள்வி இருந்ததோ அவர்கள் கையில் கருவி வந்தது.

'ஸ்மார்ட்' என்றால் யாருக்கு?

2015 ஜூன் 25-ல் ஒன்றிய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலமும் போட வேண்டியிருந்தது. கடலூரும் பண்ருட்டியும் சிதம்பரமும் அந்தப் பட்டியலில் இல்லை. வருத்தப்பட வேண்டாம், பாடம் கற்கலாம். அந்தத் திட்ட விதிகளின்படி ஏற்கெனவே உள்ள பகுதியை மேம்படுத்த 500 ஏக்கர் தேர்ந்தெடுத்தால் போதுமாக இருந்தது. நகரம் எவ்வளவு பெரிதானாலும் பணத்தில் பெரும்பங்கு அந்தத் துண்டுக்கு. எந்த நகரத்தில் அந்தத் துண்டு அருந்ததியர் குடியிருப்பாக, துப்புரவுத் தொழிலாளர் காலனியாக இருந்தது என்று தேடிப் பாருங்கள். கடைவீதி, பூங்கா, ஏரிக்கரை நடைபாதை இவைதான் பெரும்பாலும் கண்ணில் படும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் 2012-ல் ஒரு செல்போன் செயலி கொண்டுவந்தது. காரில் போகும்போது போன் குலுங்கினால் அங்கே சாலையில் பள்ளம் என்று தானாகப் பதிவாகும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் காரும் விலை உயர்ந்த போனும் யாரிடம் இருந்ததோ அவர்கள் தெருப் பள்ளம்தான் அதிகம் பதிவாகும் என்ற சிக்கல் சீக்கிரமே தெரிந்தது. நம் ஊரிலும் புகார் செயலியில் வரும் எண்ணிக்கையை வைத்துச் சாலை போட்டால், புகார் கொடுத்தே பழகாத, கொடுத்தால் மிரட்டப்படும் காலனியில் 'பிரச்சினையே இல்லை' என்று கணினி சொல்லும். அமைதியை நிம்மதி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும்.

நகரம் அறிவாளியாக வேண்டுமானால் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்? பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்குவதை நிறுத்துவதற்குப் போக வேண்டும். 2013-ல் சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்குப் பத்து லட்சம் என்றது, 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது, மரணம் நிற்கவில்லை. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பண்டிகூட் என்ற இயந்திரம் 2018-லேயே கும்பகோணத்துக்கு வந்துவிட்டது. கும்பகோணம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இல்லாத ஊர். அங்கே முடிந்தது மற்ற ஊரில் ஏன் முடியவில்லை என்று ஒவ்வொரு நகராட்சிக் கூட்டத்திலும் நம் கவுன்சிலர்கள் கேட்க வேண்டும். கண்காணிப்புக் கேமராவுக்கு நிதி இருக்கிறது, சாக்கடையில் இறங்கும் அண்ணனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரத்துக்கு நிதி இல்லை என்றால் அந்த நகரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

நம் கையில் என்ன இருக்கிறது

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் ஒரு கதவு இருக்கிறது. எந்த முழுமைத் திட்டமும் இறுதியாகும் முன் வெளியிடப்பட வேண்டும், ஆட்சேபணை சொல்ல மக்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். அரசிதழிலும் நாளிதழின் மூலையிலும் வரும் அந்த அறிவிப்பைப் பார்ப்பவர்கள் மனை வியாபாரிகள்தான். நாமும் பார்க்கத் தொடங்க வேண்டும். பார்த்து, கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும்.

முதலாவது, எல்லா ஆதிதிராவிடர் குடியிருப்புகளும், வீடு வீடாக, தெருப் பெயரோடு திட்ட வரைபடத்தில் வர வேண்டும். வெறும் கட்டமாக விடக் கூடாது.

இரண்டாவது, அதே வரைபடத்தின் மேல் தரை உயரம், ஓடை, வடிகால், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை ஆகியவை தனித்தனித் தாள்களாகப் பொருந்தி, யார் வேண்டுமானாலும் தமிழில் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது, பழைய 'அ' பதிவேட்டில் உள்ள பஞ்சமிக் குறிப்பு கணினிப் பதிவில் அப்படியே ஏற வேண்டும். அந்த நிலத்துக்கு மனைப்பிரிவு அனுமதி கொடுக்கும் முன் மூலப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான்காவது, வெள்ள அபாயம் என்று கண்டறிந்த காலனிக்கு முதலில் வடிகாலும் உயர்ந்த சாலையும் அகலமான சிறுபாலமும். இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதே ஊருக்குள், மேட்டில். வெள்ளத்தைக் காரணம் காட்டி, சென்னையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டியது போல ஊர் கடத்தக் கூடாது.

ஐந்தாவது வேலை நம்முடையது. ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. எந்த வீட்டில் எந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அம்மாக்களையும் பாட்டிகளையும் கேட்டுச் சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் படம் பிடித்து, இடத்தைக் குறித்து வையுங்கள். அது நாளைக்கு ஆட்சேபணை மனுவில் இணைப்பாகும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் சான்றாகும். ஈச்சங்காட்டு மக்களிடம் வாளி இருந்தது, நம்மிடம் போன் இருக்கிறது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்போம். அந்தச் சொல் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தலைகுனிய வைத்தது என்று நமக்குத்தான் தெரியும். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுகிற அதே நாளில் ஒரு கேள்வியையும் கேட்டு வைப்போம். பெயர் மாறிவிட்டது, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு எப்போது மாறுவோம்?

பீரங்கி வந்தபோது நம்மைக் கேட்கவில்லை. சங்கிலி வந்தபோதும் கேட்கவில்லை. இப்போது ட்ரோன் நம் கூரைக்கு மேல் பறக்கிறது. இந்த முறை அது தரையிறங்கும் இடத்தில் நம் பிள்ளைகள் தாங்கள் எடுத்த வரைபடத்தோடு நிற்க வேண்டும். பெரியகாட்டுப்பாளையத்தில் போன பத்து உயிருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

ஜெய் பீம்.